மாடு உங்கள் கொட்டிலில், பெயர் அரியலூரில்

கேள்வி: ஐயா, மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஐந்து மா நஞ்சை. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன மாதம் என் சின்ன மாமனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திருச்சிக்கு மேற்கே ஒரு சந்தைக்குப் போய், தரகர் மூலம் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வாங்கினேன். ஒன்று 52,000, ஐந்து மாதச் சினை என்றார்கள். இன்னொன்று 48,000. திரும்பி வந்த பிறகு உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் 16,000 ரூபாய்க்கு ஒரு உம்பளச்சேரிக் கிடேரிக் கன்றும் வாங்கினேன். ஐந்து மாதம், செவலை. எல்லாம் ரொக்கம், ரசீது கிடையாது. இன்சூரன்ஸ் போடலாம் என்று கால்நடை மருந்தகத்துக்குப் போனால், சினை மாட்டின் காதில் உள்ள எண் அரியலூர் மாவட்டத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறதாம். இரண்டாவது மாட்டின் காதில் ஓட்டை மட்டும் இருக்கிறது, வில்லை இல்லை. கன்றுக்கு ஓட்டையே இல்லை. தரகர் போனை எடுப்பதில்லை. நான் ஏமாந்துவிட்டேனா? திருட்டு மாடு என்று வந்தால் என்னைப் பிடிப்பார்களா? இன்னும் இரண்டு மாடு வாங்கப் பணம் வைத்திருக்கிறேன். அதையாவது எப்படிச் சரியாக வாங்குவது?

பதில்: அம்மா, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். அரியலூர்க்காரர் பெயர் வந்ததாலேயே அது திருட்டு மாடு ஆகிவிடாது. ஊரில் பாதிப் பேர் செய்யாமல் விடுவதைத்தான் நீங்களும் விட்டிருக்கிறீர்கள்.

நம் பக்கம் மாடு எப்படிக் கைமாறுகிறது? துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடிகிறது. அச்சாரம் கொடுக்கிறோம். விற்றவர் தன் பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்துக்கொள்கிறார், வீட்டு லட்சுமி கயிற்றோடு போய்விடக் கூடாது என்று. வாங்கியவர் புதுக்கயிறு போட்டு ஓட்டி வருகிறார். கயிறு மாறியதும் இரண்டு தரப்புக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. பக்கத்து ஊரில், நாலு பேர் பார்க்க வாங்கிய காலத்துக்கு அது போதும். உங்கள் மாடோ அரியலூரில் ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டு, ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரி கைக்கு வந்து, சந்தையில் இன்னொருவரிடம் மாறி, அதற்குப் பிறகு உங்களிடம் வந்திருக்கும். நடுவில் இருந்தவர்கள் இரண்டு ராத்திரி கட்டித் தீனி போட்டதோடு சரி. பெயரை அவர்கள் மாற்றுவதில்லை, மாற்றி அவர்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஊரில் கம்மல் என்று சொல்கிறோமே, அந்த மஞ்சள் வில்லையில் இருப்பது 12 இலக்க எண். தடுப்பூசி போடும்போதோ, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடும்போதோ, இன்சூரன்ஸ் செய்யும்போதோ துறைக்காரர்கள் மாட்டிவிடுவது. 2019 செப்டம்பரில் கோமாரிக்கும், சினைக் கன்று கலைந்து விழும் கன்று வீச்சு நோய்க்கும் (புரூசெல்லோசிஸ்) நாடு முழுக்கத் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பிறகு இது எங்கும் பரவியது. எண் மாட்டுக்கு உரியது. எத்தனை கை மாறினாலும் அதே எண்தான். அந்த எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர், ஊர், செல்போன், மாட்டின் இனம், வயது, போட்ட தடுப்பூசி, சினை ஊசி, கன்று போட்ட விவரம் எல்லாம் கணினியில் வரும். முன்பு இனாஃப் என்று இருந்தது, இப்போது பாரத் பசுதன் என்கிறார்கள்.

இதை நிலப்பத்திரம் போல நினைக்காதீர்கள், பட்டா போல நினையுங்கள். பட்டாவில் பெயர் மாறாவிட்டாலும் கிரயம் செய்து வாங்கியவர் வாங்கியவர்தான். ஆனால் பயிர்க்கடன், வெள்ள நிவாரணம் என்று எதற்குப் போய் நின்றாலும் பட்டாவில் யார் பெயர் என்றுதான் கேட்கிறார்கள். மாட்டுக்கும் அதே கதை.

சினை மாட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் ஆதார், வங்கிப் பாஸ்புக், காது வில்லை தெளிவாகத் தெரியும் ஒரு போட்டோ, இவற்றோடு காலையில் கூட்டம் குறைந்த பிறகு மருந்தகத்துக்குப் போங்கள். டாக்டர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பழைய உரிமையாளரின் செல்போன் எண் பெரும்பாலும் வந்துவிடும். நான் கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்த கடைசி வருஷங்களில், அந்த ஆளிடம் போனில் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் மாற்றியதில்லை. “அந்த நெத்திப்பொட்டு மாடா சார், போன மாசம் வியாபாரிகிட்ட பிடிச்சுக் குடுத்துட்டேன்” என்பார்கள், பெரும்பாலும். அந்த ஒரு வாக்கியம் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கூடவே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: மாட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் நடப்பில் உண்டா. பிறகு ‘இந்த எண்ணுள்ள மாட்டை விற்றுவிட்டேன், பெயர் மாற்றிக்கொள்ள ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றுவது டாக்டருக்குச் சில நிமிட வேலை.

கடன் பாக்கி என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடனில் வாங்கிய மாடு கடன் தீரும்வரை வங்கிக்குப் பிணை. அதைத் தீர்க்காமல் விற்றிருந்தால், விற்றவரும் நீங்களும் சேர்ந்து அந்தக் கிளையில் பேசி முடிப்பதுதான் வழி.

‘என் மாடு காணாமல் போய் ரெண்டு மாசம் ஆச்சு’ என்று அவர் சொன்னால்? அரிது, ஆனால் கேட்டிருக்கிறேன். அப்போது மாட்டை வேறு யாருக்கும் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். சின்ன மாமனார் அப்படி யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். நீங்களே காவல் நிலையத்துக்குப் போய், எந்தச் சந்தை, எந்தத் தேதி, எந்தத் தரகர், அவருடைய போன் எண் என்ன என்று எழுதிக் கொடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நாணயமில்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும்தான் குற்றம்; பாரதிய நியாய சன்ஹிதாவில் 317ஆம் பிரிவு. தெரியாமல் வாங்கியவரைச் சட்டம் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆனால் மாடு உங்களுக்கு மிஞ்சாது. நல்ல எண்ணத்தில் முழுப் பணம் கொடுத்து வாங்கினாலும், திருடியவனுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

மருந்தகத்தில் அந்தப் பதிவைத் திறக்கும்போதே இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: கடைசியாகச் சினை ஊசி போட்ட தேதி. என்னைக் கேட்டால் பெயர் மாற்றத்தைவிட இதில்தான் உங்களுக்கு உடனடி லாபம். தரகர் ஐந்து மாதம் என்று சொன்னது அவர் வாய்க்கணக்கு. ஊசி போட்ட தேதியோடு 280 நாளைக் கூட்டினால் கன்று போடும் நாள் ஏறக்குறைய வந்துவிடும். மூன்று மாதச் சினையை ஐந்து என்று சொல்லி விற்பது விலைக்காக. ஏழு மாதத்தை ஐந்து என்று சொல்வதும் உண்டு, மாடு இன்னும் ரொம்ப நாள் கறக்கும் என்று காட்ட. இரண்டாவது பொய்தான் ஆபத்து. கன்று போட அறுபது நாள் இருக்கும்போது பாலை வற்ற விட வேண்டும். நாள் தெரியாமல் கடைசிவரை கறந்துகொண்டே இருந்தால் அடுத்த ஈத்தில், அதாவது அடுத்த கன்று போடும்போது, மடியும் போகும், மாடும் தளரும். பதிவில் தேதி இல்லையென்றால் டாக்டரிடம், கையை உள்ளே விட்டுச் சினையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனையாவது ஈத்து என்பதையும் பாருங்கள். இரண்டாம் ஈத்து என்று வாங்கிய மாடு பதிவில் ஐந்தாம் ஈத்தாக இருந்து நான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தால் கடைசேர்ந்து, அதாவது எல்லாப் பல்லும் முளைத்து முடிந்து, தேயவும் தொடங்கியிருந்தது. வாங்கியவர் பல்லைப் பார்க்கவில்லை, சுழியை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது மாட்டின் காதுக்கு வருவோம். வேலியிலோ தொட்டி விளிம்பிலோ மாட்டி வில்லை பிய்ந்திருந்தால் காது ஓரம்வரை கிழிந்த தழும்பு இருக்கும். ஓட்டை வட்டமாக, முழுசாக இருந்தால் தண்டு உடைந்து விழுந்திருக்கலாம், யாராவது வெட்டியும் எடுத்திருக்கலாம். ஏன் வெட்டுவார்கள் என்றால் வயதை மறைக்க, கடனை மறைக்க, சில நேரம் இன்சூரன்ஸ் தகிடுதத்தத்துக்கு. உங்கள் மாட்டில் எது நடந்தது என்று காதைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. தரகரை எப்படியாவது பிடித்து, இந்த மாடு எந்த ஊரில் வாங்கியது என்று மட்டும் கேளுங்கள். பழைய எண் கிடைத்தால், புது வில்லை போடும்போது பழைய எண்ணுக்குப் பதிலாக இது என்று டாக்டர் பதிவு செய்வார். மாட்டின் கதை அறுபடாமல் தொடரும். கிடைக்காவிட்டால் புது மாடாகத்தான் பதிய வேண்டும். அப்போது அதற்கு எந்தத் தடுப்பூசியும் போடவில்லை, எந்த நோயும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். இரத்தம் எடுத்துக் கன்று வீச்சு நோய்க்குச் சோதிப்பதை விடாதீர்கள். அது மாட்டோடு நிற்காது; கன்று விழுந்த இடத்தையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் அள்ளுகிறவர்களுக்கும், காய்ச்சாத பால் குடிக்கிறவர்களுக்கும் விட்டு விட்டுக் காய்ச்சலாக வரும்.

பதிவு யார் பெயரில்? நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த மாதிரி வீடுகளில் வழக்கமாக வெளிநாட்டில் இருக்கும் கணவர் பெயரைக் கொடுத்துவிடுவார்கள், மரியாதைக்காக. வேண்டாம். கொட்டிலில் நிற்பவர் நீங்கள், பால் சங்கத்தில் ஊற்றுவது நீங்கள், நள்ளிரவில் டாக்டருக்குப் போன் போடப்போவதும் நீங்கள். இன்சூரன்ஸ் பணமோ நிவாரணமோ வந்தால் உடனே எடுக்கக்கூடிய கணக்கு யாருடையதோ அவர் பெயரில்தான் மாடு இருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கையெழுத்து வரும்வரை எந்த அலுவலகமும் காத்திருக்காது.

இன்சூரன்ஸில் பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் கதை முடிந்தது. வில்லை இல்லையேல் பணம் இல்லை என்பது அந்தத் தொழிலின் பால பாடம். மாடு இறந்தால் பிரேதப் பரிசோதனையில் வில்லை எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் சான்று எழுதுகிறார். பழைய உரிமையாளர் எடுத்த பாலிசி நடப்பில் இருந்தால், மீதிக் காலத்துக்கு அதை உங்கள் பெயருக்கு மாற்ற வழி உண்டு. மாட்டைப் பெயர் மாற்றிவிட்டு பாலிசியை மறந்தால் அது யாருக்கும் உதவாது. பழைய பாலிசி இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம்தான்.

இதில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அடுத்த நாட்களில் இறந்த மாடுகளைப் பார்த்துச் சான்று எழுதும் வேலையில் நானும் இருந்தேன். கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய் நிவாரணம். ஒரு வீட்டில் தென்னை விழுந்து மாடு செத்திருந்தது. வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. காதில் ஒன்றும் இல்லை, கையில் ரசீதும் இல்லை. அதே மாட்டுக்கு விற்ற வீட்டிலிருந்தும் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் சாட்சிகளோடு. போன் டவர் விழுந்து கிடந்த நேரம். உண்மையை விசாரித்து முடிப்பதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. அந்த அம்மாள் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

சரி, அடுத்த இரண்டு மாடு. என் யோசனை, சந்தையை விடுங்கள். வீட்டு மாடு வாங்குங்கள். நீங்கள் பால் ஊற்றும் சங்கத்திலேயே, இல்லையென்றால் பக்கத்து ஊர்ச் சங்கத்தில், விற்கிற மாடு இருக்கிறதா என்று செயலாளரிடம் சொல்லி வையுங்கள். நாலாயிரம் ஐயாயிரம் கூடப் போகும், போகட்டும். காலையும் மாலையும் இரண்டு கறவை உங்கள் கண் முன்னால் கறந்து பார்க்கலாம். வில்லை எண்ணைப் போட்டோ எடுத்து முதல் நாளே டாக்டரிடம் காட்டிப் பதிவைப் பார்த்துவிடலாம். விலையில் ஐயாயிரத்தை நிறுத்தி, பெயர் மாறிய அன்று தருகிறேன் என்று சொல்லுங்கள். மாடு வளர்க்கிற சம்சாரி இதற்கு ஒத்துக்கொள்வார். சந்தை வியாபாரி சிரிப்பார். விடிகாலை நாலு மணிக்குச் சந்தையில் எந்த மருந்தகமும் திறந்திருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

எங்கே வாங்கினாலும் ஒரு ரசீது. பெரிய பத்திரம் வேண்டாம், பள்ளிக்கூட நோட்டுத் தாள் போதும். இப்படி எழுதுங்கள்: ‘இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் ஆகிய நான், காது வில்லை எண் (12 இலக்கமும்) கொண்டதும், செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, ஆறு பல், இரண்டாம் ஈத்து, கூடக் கிடேரிக் கன்று உள்ளதுமான ஜெர்சி கலப்பினப் பசுவை, இன்ன ஊர் இன்னாருக்கு ரூபாய் இவ்வளவுக்கு இன்று விற்று முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன். இதன் மேல் கடனோ வேறு பாத்தியதையோ இல்லை. வில்லைப் பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றச் சம்மதம்.’ தேதி, இடம், இரண்டு சாட்சி. தொகை 5,000க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. தரகரையும் சாட்சியாகப் போட வையுங்கள், அவர் நெளிவார். 2017இல் மத்திய அரசு சந்தை விதிகள் என்று கொண்டுவந்து ஒரு மாட்டுக்கு ஐந்து படி ரசீது கேட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டு, அந்த விதிகள் நடைமுறைக்கு வராமலே போயின. அன்றிலிருந்து தாளைக் கண்டாலே தரகர்களுக்கு ஆகாது. இது அரசாங்கத்துக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்குக் கணக்குக் காட்ட என்று சொல்லிப் பாருங்கள், போட்டுவிடுவார். பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கொடுத்தால் அதுவே இன்னொரு சாட்சி. விற்றவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, வில்லை தெரிய ஒரு போட்டோ எடுங்கள். மூக்கை மட்டும் கிட்டத்தில் இன்னொன்று. மாட்டு மூக்கின் வரிகள் நம் கைரேகை போல, மாட்டுக்கு மாடு வேறு. காது அறுந்தாலும் மூக்கு இருக்கும்.

வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றினால், பயணத்துக்குத் தகுதி, தொற்று நோய் இல்லை என்று அந்த ஊர்க் கால்நடை மருத்துவரின் சான்று கூடவே வர வேண்டும். லாரியிலேயே ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஒன்றுதான். இரண்டைத் திணித்து வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டாம், அதுவும் சினை மாட்டை.

வந்த மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். குளத்துத் தண்ணீருக்கும், அறுப்பு முடிந்த தரிசில் ஊர் மாடுகளோடு மேய்ச்சலுக்கும் விடாதீர்கள். கோமாரி வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம்.

பின்னால் நீங்கள் விற்கும்போதும் இதே கதைதான், இந்த முறை தலைகீழாக. மாட்டைக் கொடுத்துவிட்டுப் பெயரை உங்களிடமே வைத்துக்கொண்டால், அந்த மாடு எங்கே என்ன செய்தாலும் விசாரணை உங்களிடம்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, விற்று இரண்டு வருஷம் கழித்துப் போன் வந்தது: ‘உங்க மாடு நெடுஞ்சாலையில் படுத்துக் கிடக்குது, வந்து ஓட்டிட்டுப் போங்க.’ யாரிடம் விற்றோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

கடைசியாக அந்தச் செவலைக் கன்று. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி கிடேரிக் கன்றுக்கு நாலு மாதம் முடிந்து எட்டு மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. ஐந்து மாதம் என்று சொல்லி ஒரு மாதம் போய்விட்டது; வியாபாரி சொன்ன வயதும் உறுதியில்லை. இந்த வாரமே ஓட்டிப் போய் உங்கள் பெயரில் வில்லை போட்டு, ஊசியையும் போட்டுவிடுங்கள். இனம் என்ற இடத்தில் உம்பளச்சேரி என்றே எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் நாட்டு மாடு என்று போட்டுவிடுவார்கள், நானே போட்டிருக்கிறேன். தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரியில் பிறந்த இனம், நம் சேற்று வயலுக்கென்றே வளர்ந்தது, கணக்கில் காணாமல் போகக் கூடாது. நிறத்தைச் செவலை என்று மட்டும் எழுத விடாதீர்கள். உம்பளச்சேரிக் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றி நட்சத்திரமும் கால் வெள்ளையும் மாறாது, அவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு போட்டோ, தீபாவளிக்கு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சின்ன மாமனார் வந்து பார்த்து, இது நாம் வாங்கிய கன்றே இல்லை என்று சொன்னால் காட்டலாம்.